ஒன்பதாம் பெட்டிக் கனவுகளுக்கான கூலி

தராஸ்
அக்டோபர் 4

அத்-பாஷியில டைப் வேலை பார்க்கிற பெர்மெத் அவர்களுக்கு,

'குன் பதிப்பகம்'ங்கிற பேர்ல ஜூலையிலேருந்து உங்களுக்குக் கனவுப் பதிவுகளை அனுப்பி, கேட்டு எழுதித் தரச் சொன்னது நான்தான். என் பேரு குன்சுலு.

இத்தனை நாளா நான் ஏன் பதில் போடலைன்னு யோசிச்சிருப்பீங்க. ஓடிட்டான்னுகூட நினைச்சிருப்பீங்க. ஓடல. நாம வேலை பேசிக்கிட்ட அந்த வலைத்தளத்துல என் கணக்கை முடக்கிட்டாங்க. ஒருநாள் காலையில திறக்கப் போனா, கதவு இருந்த இடத்துல சுவர். நாம பேசினது ஒண்ணும் பார்க்க முடியல. மூணாவது கட்டுப் பதிவுக்கான உங்க கூலியை நான் முன்னாடியே அங்க கட்டி வெச்சாச்சு. வேலை முடிஞ்சுதுன்னு நான் ஒரு பொத்தானை அழுத்தினா அது உங்களுக்கு வந்திருக்கும். அந்தப் பொத்தான் இப்ப சுவருக்கு அந்தப் பக்கம். பணம் உங்ககிட்டயும் இல்ல, என்கிட்டயும் இல்ல. நடுவுல எங்கேயோ தூங்குது.

போன்ல கூப்பிடக் கூடாதான்னு கேப்பீங்க. தளத்துக்கு வெளியில பேசிக்கிட்டது தெரிஞ்சா வேலை செய்றவங்க கணக்கும் போயிடுமாம். உங்க பிழைப்பைக் கெடுக்க எனக்கு மனசில்ல. தாளை மட்டும் தளத்தைக் கண்காணிக்கிற மெஷினால படிக்க முடியாதுன்னு என் அக்கா பையன் எர்னார் சொல்றான். பழைய ரசீதுல உங்க பேரும் ஊரும் இருந்துது, தெரு இல்ல. மலைமேல சின்ன ஊரு, எப்படியும் கொண்டு சேர்த்துடுவாங்க.

கொஞ்சம் பொறுத்துக்குங்க. தளத்துக்காரங்ககிட்ட கேட்டுக்கிட்டே இருக்கேன்.

குன்சுலு


அத்-பாஷி
அக்டோபர் 21

குன் பதிப்பகத்தாருக்கு,

கடிதம் கிடைத்தது. தபால் ஆபீஸ் ஜிபார்குல் அதைக் கடையில் எல்லோர் முன்னாலும்தான் என்னிடம் நீட்டினாள். "பதிப்பகத்துலேருந்தெல்லாம் கடுதாசி வருது. எங்களைப் பத்திப் புஸ்தகம் எழுதறியாடி? என்னைக் கொஞ்சம் ஒல்லியா எழுது" என்றாள்.

மூன்றாவது கட்டு முடிந்து பல நாள் ஆகிறது. ஆனால் கூலி வராமல் அதைத் தருவதாக இல்லை. நான் முன்பு வேலை பார்த்த அச்சகத்தை மூடும்போது, "நாளைக்கு வா, சம்பளம் வந்துடும்" என்றார்கள். கடைசி நாள்வரை உழைத்தேன். மறுநாள் போனபோது கதவில் பூட்டு தொங்கியது. அதற்குப் பிறகு யாருடைய 'பொறுத்துக்குங்க'வையும் நான் நம்புவதில்லை.

இந்தக் கம்ப்யூட்டர் தவணையில் வாங்கியது. தவணை நின்றுபோயிருக்கிறது. நாரினிலிருந்து கடைக்காரர் சாதிக் வந்து வாசலில் நின்றால், கனவை எடுத்துக்காட்டியா அவரைத் திருப்பி அனுப்புவேன்? கம்ப்யூட்டர் போனால் எனக்கு வேறு வேலை கிடையாது. இங்கே குளிர் இறங்கிவிட்டது. நிலக்கரி வண்டி எங்கள் தெருவுக்கு வந்து, என் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது.

ஒன்று கேட்கிறேன். ஒரு பதிப்பகம், பள்ளிக்கூடத்துக் கோடு போட்ட தாளிலா கடிதம் எழுதும்? அதில் டீ டம்ளர் வைத்த வட்டம் வேறு. உங்கள் பதிவுகளில் யார் கனவு சொன்னாலும் பின்னால் ஏதோ கடகடவென்று ஓடிக்கொண்டேயிருக்கிறது. ஒரு கரண்டி கண்ணாடியில் ஓயாமல் மோதுகிறது. இது என்ன மாதிரி ஆபீஸ் என்று கோடை முழுக்க யோசித்துவிட்டேன்.

நீங்கள் யார்?

பெர்மெத்


ஒன்பதாம் பெட்டி
நவம்பர் 7

தங்கச்சி பெர்மெத்,

உன் கோபத்தைப் படிச்சதும் 'நீங்க' வாயில வரல. எனக்கு உன்னைவிட வயசு கூடத்தான் இருக்கும், பரவாயில்ல விடு.

நான் ரயில்ல பெட்டிப் பணியாள். அல்மாத்தியிலேருந்து மேற்கே காஸ்பியன் கரைவரைக்கும் போயிட்டுத் திரும்பற வண்டி. டிக்கெட் பார்க்கறது, படுக்கை விரிப்பு கொடுக்கறது, கொதிகலனுக்குக் கரி தள்றது, காலையில டீ. அந்தக் கடகட சத்தம் தண்டவாளம். கரண்டிச் சத்தம் என் டம்ளருங்க.

புல்வெளி ரெண்டு நாளா ஜன்னல்ல மாறாம ஓடும் பாரு. அதைப் பார்த்தபடியே தூங்கறவங்களுக்கு வேற மாதிரிக் கனவு வருது. காலையில டீயைக் கையில வாங்கறப்போ ஆளு இன்னும் பாதி அந்தப் பக்கமே இருப்பாங்க. "என்ன கண்டீங்க?"ன்னு அந்த நேரத்துல கேட்டா யாருக்கும் மறைக்கத் தோணாது. டம்ளர் காலியானா எல்லாம் போச்சு, கோட்டைப் போட்டுக்கிட்டு அதிகாரி ஆயிடுவாங்க. அதுக்குள்ள போனை நீட்டிடுவேன். இப்படி வருஷக்கணக்கா சேர்ந்துபோச்சு. புஸ்தகமாப் போடணும்னு ஆசை. என் எழுத்து எனக்கே புரியாது, அதான் உன்னைப் பிடிச்சேன். பதிப்பகம்னு பேர் வெச்சது எர்னார். "சித்தி, ரயில்காரின்னு போட்டா ஒருத்தரும் வேலைக்கு வரமாட்டாங்க"ன்னான். தப்புதான். ஆனா உன் கூலி என் சம்பளத்துலேருந்து எடுத்துக் கட்டின காசு. அது பொய் இல்ல.

ஏன் முடக்கினாங்கன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. ஆயுதம், ஆள் கடத்தல், லஞ்சம்னு எழுதியிருக்காங்க. நீ டைப் பண்ணி அனுப்பின ரெண்டாவது கட்டை அந்த மெஷின் படிச்சிருக்கு. செத்த அண்ணனைச் சாக்குல போட்டு எல்லை தாண்டினானே எண்ணெய்க் கிணத்து ஆளு, காவல்காரனுக்கு மூணு மீனைக் கொடுத்துட்டு. மருமகளை ரெண்டு ஒட்டகத்துக்கு வித்துட்டு, மனசு கேக்காம மூணு ஒட்டகம் கொடுத்துத் திரும்ப வாங்கிட்டு வந்த அம்மா. துப்பாக்கியில இலை துளிர்த்துடுச்சு, மேலதிகாரிக்கு என்ன சொல்வேன்னு அழுத சிப்பாய். எல்லாத்தையும் நிஜம்னு எடுத்துக்கிச்சு. "உன் பெட்டியில ஒரு நல்லவங்ககூட ஏறல சித்தி"ன்னு எர்னார் சிரிக்கிறான். எனக்கும் சிரிப்பு வந்துது. அப்புறம் உன் கரி வண்டி ஞாபகம் வந்து நின்னுபோச்சு.

டைப் பண்ணினவங்களே இது என்ன வேலைன்னு தளத்துல விளக்கமா எழுதிக் கொடுத்தா மறுபடியும் பார்ப்பாங்களாம். எழுதுவியா?

குன்சுலு


அத்-பாஷி
நவம்பர் 26

குன்சுலு அக்கா,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. எங்கோ கம்பளம் விரித்த ஒரு ஆபீசில், என் கூலியை மறந்துவிட்டு யாரோ உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தால், திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தது. இப்போது அந்த ஆளையும் பிடுங்கிவிட்டீர்கள்.

இரண்டாவது தடவை படித்தபோது சிரித்தேன். அந்த ஒட்டகக் கிழவியை டைப் செய்த அன்று என் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. எழுந்து போக மனம் வரவில்லை, மருமகள் திரும்ப வருகிறாளா என்று பார்க்க.

ஆனால் எழுதித் தர முடியாது அக்கா. அதே தளத்தில் இன்னும் இரண்டு பேரிடம் எனக்குக் கூலி வரவேண்டியிருக்கிறது. முடக்கிய கணக்குக்குப் பரிந்து பேசினால் முதலில் பேசியவளை எடுத்துச் சோதிப்பார்கள். இங்கே ஒரு மாடு சேற்றில் சிக்கினால் இன்னொரு மாட்டை இறக்கி இழுப்பதில்லை. சாதிக் வந்து போய்விட்டார். "உன் முகத்துக்காகப் புது வருஷம் வரைக்கும் விடறேன். அப்புறம் முகத்தையும் பார்க்க மாட்டேன், மூட்டை கட்டிடுவேன்" என்றார். நல்ல மனிதர்தான். அதனால்தான் பயமாக இருக்கிறது.

இன்னொன்று, இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் பயணிகள் என் தூக்கத்தில் ஏறிவிட்டார்கள். எனக்கென்று கனவே வருவதில்லை இப்போது. அந்தச் சிப்பாய் துப்பாக்கியோடு வந்து, "தண்ணி ஊத்தணுமா, வேண்டாமா?" என்று கேட்கிறான். நான் ஊற்றுகிறேன். எங்கள் மலையில் பனி விழுந்துகொண்டிருக்கிறது, அவன் துப்பாக்கி மட்டும் பச்சையாக இருக்கிறது. விழித்த பிறகும் கை ஈரமாக இருப்பதுபோல் தோன்றுகிறது. இதற்கும் சேர்த்து நீங்கள்தான் கூலி தரவேண்டும்.

மூன்றாவது கட்டு என்னிடமே இருக்கிறது.

பெர்மெத்


தராஸ்
டிசம்பர் 15

பெர்மெத்,

உன் பயம் நியாயம். படிச்சதும் சுருக்குன்னு இருந்துது, இல்லைன்னு சொல்லமாட்டேன். சேத்துல கிடக்கிற மாடு நான்தானே. ரெண்டு நாள் உன்னை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே கரி போட்டேன். மூணாம் நாள், உன் இடத்துல நான் இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு யோசிச்சேன். ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன்.

பிஷ்கெக் போற வேன் ஓட்டறவர் தோக்தார் கையில ஒரு உறை கொடுத்திருக்கேன். அவர் நாரின் போற டாக்சிக்காரர்கிட்ட கொடுப்பார், அவர் உன் ஊர்க் கடையில. மூணு கை மாறும், மூணும் நல்ல கை. அதுல உன் கூலியில பாதி இருக்கு. தளத்துல தூங்கற காசு எழுந்திருக்கிறப்போ எழுந்திருக்கட்டும். உன் வேலைக்கு நான்தானே பொறுப்பு, தளமா வந்து உன்கிட்ட வேலை சொல்லிச்சு?

காசு எங்கேருந்துன்னு கேக்காதே. கேப்ப. என்னோட மாத்தி மாத்தி வேலை பார்க்கிற பயான் பிரசவத்துக்குப் போயிட்டா. ஒருத்தி தூங்கறப்போ ஒருத்தி முழிச்சிருக்கணும், அதுதான் எங்க வழக்கம். அவ பங்கையும் நானே பார்க்கிறேன்னு சொல்லிட்டேன், தனிச் சம்பளம். தூக்கம்தானே, அதை என்ன பெட்டியில வெச்சா பூட்டப்போறேன்.

கட்டை அனுப்பறதும் அனுப்பாததும் உன் இஷ்டம். சிப்பாய் மறுபடி வந்தா ரொம்ப ஊத்தாதேன்னு சொல்லு. வேர் அழுகிடும்.

குன்சுலு


அத்-பாஷி
ஜனவரி 12

அன்புள்ள அக்கா,

உறை வந்தது. வாயை ஒட்டிய பசைகூடப் பிரியவில்லை. தவணையைக் கட்டிவிட்டேன். சாதிக் ரசீது எழுதிக்கொடுத்துவிட்டு, "யாரும்மா அந்தப் பதிப்பகம், எனக்கும் ஒரு வேலை வாங்கிக்கொடேன்" என்றார். கரியும் இறக்கியாகிவிட்டது. இந்தக் கடிதத்தை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பணம் வந்த அன்று சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். சாப்பிட உட்கார்ந்தவள், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அடுப்பையே பார்த்தேன். ஒருத்தியின் தூக்கத்தை விற்ற காசில் வாங்கிய கரி எரிந்துகொண்டிருக்கிறது, அதன் சூட்டில் நான் நன்றாகத் தூங்கப்போகிறேன். அதற்காகத்தான் நான் அவ்வளவு கணக்கும் பார்த்தேனா?

தளத்துக்கு எழுதிவிட்டேன். உங்களிடம் கேட்டுவிட்டு எழுதவில்லை. எல்லாக் கனவையும் வரிசையாக வைத்து, இவற்றைச் சொன்னவர்கள் ஓடும் ரயிலில் டீ குடித்துக்கொண்டிருந்த சாதாரண மக்கள், அந்த அண்ணன் உயிரோடுதான் இருக்கிறார், கனவைச் சொன்ன ஆளே கடைசியில் அப்படிச் சொல்கிறார், துப்பாக்கியில் இலை விட்டால் அது ஆயுதமில்லை மரம், என்றெல்லாம் எழுதினேன். இவ்வளவு நீளமாக நான் யாருக்கும் எழுதியதில்லை.

நான்காம் நாள் என் கணக்கையும் பூட்டிவிட்டார்கள். 'பரிசீலனையில்' என்று வருகிறது. மற்ற இரண்டு கூலியும் உள்ளே மாட்டிக்கொண்டது. நான் பயந்ததுதான் நடந்தது. ஆனால் நடந்த பிறகு பார்த்தால், பயந்த அளவுக்குப் பெரிதாக இல்லை. ஜிபார்குல் வீட்டில் கல்யாணம் வருகிறது, அழைப்பிதழ் எல்லாம் கையால் எழுதச் சொல்லியிருக்கிறாள். கூலியாக அரை ஆடு.

மூன்றாவது கட்டு தோக்தார் கையில் வருகிறது. ஜிபார்குலின் ஆபீசில் அச்சடித்து, நூல் போட்டுத் தைத்திருக்கிறேன். கனவில் தன் கல்யாண ரொட்டிக்குப் பிசைந்த மாவில் பற்கள் கொட்டியதைச் சொல்கிற அந்தப் புதுப்பெண், சொல்லி முடித்து வெகுநேரம் பேசாமல் இருக்கிறாள். அந்த மௌனத்தை எப்படி டைப் செய்வது என்று தெரியாமல் அரைப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன். சரிதானா?

பெர்மெத்


ஒன்பதாம் பெட்டி
பிப்ரவரி 18

என் பைத்தியக்காரத் தங்கச்சி,

உன்னை எழுதச் சொன்னது நான். நீ முடியாதுன்னதும் சரின்னு விட்டதும் நான். கடைசியில நான் விட்டதுக்கப்புறம் எழுதற. உங்க மலை ஆளுங்களுக்குப் பனியில மூளை உறைஞ்சு கிடக்கும்னு எங்க பக்கம் சொல்வாங்க. நான் நம்பல இதுவரைக்கும்.

அரைப் பக்கம் வெறுமையா விட்டது சரி. அந்தப் பொண்ணு அப்ப ஜன்னலைத்தான் பார்த்துக்கிட்டிருந்தா. உப்புத் தரை ஓடிக்கிட்டிருந்துது, வெள்ளையா, ஒரு எழுத்தும் இல்லாம. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?

மீதிப் பாதியும் தோக்தார்கிட்ட கொடுத்தாச்சு. இனிமே உனக்கும் எனக்கும் பாக்கி இல்ல. உன் மத்த ரெண்டு கூலிக்கு மட்டும் என்னால ஒண்ணும் பண்ண முடியல, அது என் நெஞ்சுல கிடக்கு.

பயான் இன்னும் வரல. குழந்தைக்குச் சளி. நான் நல்லாத்தான் இருக்கேன். முழிச்சிருக்கேனா தூங்கறேனான்னு மட்டும் சில சமயம் பிடிபடல. முந்தாநாள் கிசில்-ஓர்தா தாண்டி, ஒரு பெரியவர் கனவு சொன்னார். அழகான கனவு. அவர் ஒரு ஆத்தைச் சுருட்டித் தோள்ல வெச்சுக்கிட்டு ஊருக்குத் தூக்கிட்டுப் போறார். வழியில எல்லாரும் ஒரு முழம் வெட்டிக் கொடுன்னு கேக்கறாங்க. கேட்டு முடிச்சுட்டுப் பார்த்தா போனை ஆன் பண்ணவே இல்ல நான். அப்புறம் அந்தப் படுக்கைப் பக்கம் போனா, அது காலி. அல்மாத்தியிலேருந்தே அதுல ஆள் ஏறலையாம். அப்போ அந்தக் கனவு யாரோடது? பெரியவர் யாரோட

மன்னிச்சுக்கோ, பேனா கீழ விழுந்துடுச்சு. மார்ச் பதிமூணாம் தேதி காலையில திரும்பற வண்டி தராஸ்ல நிக்கும், அப்ப தோக்தாரைப் பார்த்து உன் பதிலை வாங்கிக்கறேன். புல்வெளியில பனி உருகற இடத்துலயெல்லாம் குட்டிக் குட்டியா வானம் கிடக்கு. வண்டி அதுமேலயே


குன்சுலு


சந்திப்பு நிலையம், பிஷ்கெக் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடம்
மார்ச் 13

அன்புள்ள குன்சுலு அக்கா,

இதை நீங்கள் படிக்கும்போது வண்டி அல்மாத்தி போய்ச் சேர்ந்திருக்கும். உங்கள் சீருடைக் கோட்டின் உள்பையில் ஒரு உறை இருக்கும். திருடர் யாரும் வைத்ததில்லை, நான்தான். இந்தக் கடிதத்தை எர்னார் முகவரிக்கு அனுப்புகிறேன்.

போன வாரம் இரண்டு கணக்கையும் திறந்துவிட்டார்கள். நீங்கள் ரயிலில் சிக்னல் இல்லாமல் இருந்தீர்கள். எர்னார்தான் உங்கள் கணக்கில் நுழைந்து பொத்தானை அழுத்திவிட்டு எனக்கு எழுதியிருந்தான். தளத்திலிருந்து வந்த பதிலில் ஒரே வரி: 'அனைத்தையும் படித்தோம். கனவுகள் எங்கள் தடைப் பட்டியலில் இல்லை.' யாரோ ஒரு ஆள் உட்கார்ந்து முழுவதும் படித்திருக்கிறார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். என் மற்ற கூலிகளும் வந்துவிட்டன. ஆக, ஒரே வேலைக்கு எனக்கு இரண்டு தடவை கூலி கிடைத்திருக்கிறது. ஒன்று உங்களுடையது, அதுதான் அந்த உறையில் இருக்கிறது.

தோக்தாரிடமே கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் உங்கள் கடைசிக் கடிதத்தில் வாக்கியம் இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. ஒன்பதாம் பெட்டிக்கு டிக்கெட் எடுத்து தராஸில் ஏறினேன்.

வாசலில் நீங்கள் இல்லை. பத்தாம் பெட்டியிலிருந்து உங்கள் தோழி ஜெய்னெப்தான் ஓடிவந்து டிக்கெட்டைப் பார்த்தார். உங்கள் சின்ன அறையில், தொப்பியைக்கூடக் கழற்றாமல், ஒரு காலில் மட்டும் செருப்போடு நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள்.

"எழுப்பின, உன்னை ஜன்னல் வழியா வெளிய போட்டுடுவேன்" என்றார் ஜெய்னெப். "ரெண்டு நாளா கண்ணை மூடல இவ. நீ யாரு, சொந்தமா?"

"இவங்களுக்கு டைப் பண்றவ."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்த முரட்டு மலைக்காரியா? வழி முழுக்க உன் பேச்சுதான். சரி, என் பெட்டியும் பார்க்கணும், இவ பெட்டியும் பார்க்கணும், எனக்கு என்ன நாலு கையா? டைப் பண்ற கையால டீ ஊத்த வருமா?"

ஊற்றினேன். முதல் இரண்டு டம்ளர் கொட்டிவிட்டது, வண்டி ஆடுகிறபோது எப்படி நிற்பது என்று தெரியவில்லை. அப்புறம் பழகிவிட்டது. பனி உருகிய குட்டைகள் ஜன்னலில் ஓடின. நீங்கள் சொன்னதுபோலவே, டம்ளரைக் கையில் வாங்கும்போது அவர்கள் பாதிதான் இந்தப் பக்கம் இருந்தார்கள். ஒருவர், "புது ஆளா? அந்த அம்மா கனவு கேப்பாங்களே, நீ கேக்க மாட்டியா?" என்று குறைப்பட்டுக்கொண்டார். கேட்டேன். எடை போடும் தராசில் தன்னை ஒரு தட்டிலும் ஒரு தர்பூசணியை இன்னொரு தட்டிலும் வைத்ததாகவும், தர்பூசணி கனமாக இருந்ததால் மனைவி அதைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டதாகவும் சொன்னார். சொல்லிவிட்டு, "சிரிக்காதே, வருத்தமா இருந்துது" என்றார். இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். மூன்றையும் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். காசு வேண்டாம்.

நான் இறங்கவேண்டிய நிலையம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் உங்கள் அறைக்கு வந்தேன். உங்கள் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். நான் நினைத்ததைவிட நீங்கள் சின்ன உருவம். எழுப்பி, 'நான்தான் பெர்மெத்' என்று சொல்ல வாய்வரை வந்தது. அதற்குள் தூக்கத்திலேயே நீங்கள் ஏதோ பேசினீர்கள். குனிந்து கேட்டேன்.

"நின்னுக்கிட்டே வராதே," என்றீர்கள், யாரிடமோ. "கால் வலிக்கும். இந்தா, இப்படி உட்காரு."

சொல்லிவிட்டு, கண்ணைத் திறக்காமலே கால்களை மடக்கி எனக்கு இடம் விட்டீர்கள். வண்டி நிற்கும்வரை அங்கே உட்கார்ந்திருந்தேன்.

பெர்மெத்